புமுக்கிலின் குரல் யாருடையது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். நடுவில் வந்த தும்மலையும், "அதாவது" என்று நான் இழுத்த இடங்களையும் வெட்டியாச்சு.)

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். போன எபிசோடில் நீங்க என் குரலில் கேட்ட ஒரு வாக்கியத்தை நான் பேசவே இல்ல. எது அந்த வாக்கியம், ஏன் அப்படிச் செஞ்சேன்னு கடைசியில சொல்றேன். அது புரியணும்னா ஹான்ஸ் கிளாரீன் என்கிற ஜெர்மன் நடிகரை முதல்ல தெரிஞ்சுக்கணும்.

அவர் எனக்கு அறிமுகமானது ஆபீஸ் மீட்டிங்கில். எங்க டீம்ல பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் மியூனிக். ஒரு பக் வந்தது. மியூனிக்கில் ஒருத்தரோட மெஷினில் மட்டும்தான் வரும். அவர் ஸ்கிரீன் ஷேர் பண்ணினா வராது, நிறுத்தின அடுத்த நிமிஷம் திரும்ப வரும். மூணு நாள் இதே கூத்து. நாலாவது நாள் அவர் கடுப்பாகி, "இது புமுக்கில்!" என்று சொன்னார். மியூனிக் பக்கம் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சென்னைப் பக்கம் நாங்க திருதிருன்னு முழிச்சோம்.

அன்னைக்கு சாயங்காலம் பக்கை விட்டுட்டு புமுக்கிலைத் தேட ஆரம்பிச்சேன்.

ஒருத்தருக்கு மட்டும் தெரியுற குட்டிச்சாத்தான்

புமுக்கில் ஒரு குட்டிச்சாத்தான். செம்பட்டைத் தலை, மஞ்சள் சட்டை, பச்சைக் கால்சட்டை. கப்பல்களில் ஒளிஞ்சு வாழுற குட்டிச்சாத்தான் பரம்பரையில் வந்தவன். மியூனிக் நகரத்தில் எடர் என்கிற வயசான தச்சரோட பட்டறையில் பசைச் சட்டியில் ஒட்டிக்கிறான். அவங்க உலகத்தில் ஒரு சட்டம் இருக்கு: மனுஷங்க பொருளில் ஒட்டிக்கிட்ட குட்டிச்சாத்தான் அந்த மனுஷர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பான், அப்புறம் அவரோடயே இருந்தாகணும். மத்தவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டான். பொருள் காணாமப் போகும், கதவு தானா சாத்திக்கும், எடர் மட்டும் சுவரைப் பார்த்துத் திட்டிட்டு இருப்பார். பக்கத்து வீட்டுக்காரங்க இவருக்குக் கழண்டுடுச்சோன்னு சந்தேகப்படுவாங்க.

எங்க பக் எப்படின்னு இப்ப புரியுதா?

இதை உருவாக்கினவர் எல்லிஸ் கௌட் என்கிற எழுத்தாளர். பேருக்குப் பின்னாடி ஒரு குடும்பக் கதை இருக்கு. குளிர்காலத்தில் கணவர் கூர்ட் ப்ரைஸோட நடந்து போனப்ப எல்லிஸ் ஏதோ பனிக் குறும்பு பண்ண, கணவர் அவங்களைச் செல்லமா ஒரு பேர் சொல்லித் திட்டினாராம். அந்தப் பேர்தான் புமுக்கில். 1962-ல் பவேரிய வானொலியில் நாடகத் தொடரா வந்தது. குட்டிச்சாத்தானுக்குக் குரல் கொடுக்க வந்தவர்தான் நம்ம ஹான்ஸ் கிளாரீன். அப்ப அவருக்கு வயசு 32.

மேடையில் 15 வருஷம்

கிளாரீன் பிறந்தது 1929 செப்டம்பர் 14, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன். வடகடல் ஓரமா இருக்கிற கடற்படைத் துறைமுக ஊர். கப்பல் குட்டிச்சாத்தானுக்குக் குரல் கொடுக்கப் போறவர் துறைமுகத்தில் பிறந்தது சும்மா தற்செயல்தான். ஆனா கேட்க நல்லா இருக்குல்ல? உண்மையான குடும்பப் பேர் ஷ்மிட். நம்ம ஊர்ல "குமார்" மாதிரி ஜெர்மனியில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பாங்க. கிளாரீன் அவர் வெச்சுக்கிட்ட மேடைப் பேர்.

போர் முடிஞ்சப்ப அவருக்குப் பதினஞ்சு வயசு. அப்புறம் மியூனிக்கில் நடிப்புப் படிச்சார். குண்டுவீச்சில் நகரத்தோட தியேட்டர்களும் இடிஞ்சு போயிருந்த காலம். 1951-ல்தான் ரெஸிடென்ஸ் தியேட்டரைப் புதுசாக் கட்டித் திறந்தாங்க. பவேரிய அரசு நாடகக் குழுவோட வீடு அது. அடுத்த வருஷம் கிளாரீன் அந்தக் குழுவில் சேர்ந்தார். 1967 வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

ஜெர்மனியில் அரசு நாடகக் குழுன்னா என்னன்னு ஒரு வரி சொல்லிடறேன். மாசச் சம்பளம். இன்னைக்கு ராத்திரி ஒரு நாடகம், நாளைக்கு ராத்திரி வேறொண்ணு, பகலில் மூணாவதுக்கு ஒத்திகை. அஞ்சாறு பாத்திரங்களை ஒரே நேரத்தில் தலைக்குள்ள வெச்சுக்கிட்டு, எந்த நாள் எதைத் திறக்கணுமோ அதைத் திறக்கணும். கடைசி வரிசையில் டிக்கெட் வாங்கினவருக்கும் கேட்கிற மாதிரி மைக் இல்லாமப் பேசணும். 15 வருஷம் இதைச் செஞ்ச தொண்டை அவருடையது.

அந்த 15 வருஷ மேடை வாழ்க்கையில் இன்னைக்கு உங்களுக்கும் எனக்கும் கிடைக்கிறது ரொம்பக் கொஞ்சம். போட்டோ இருக்கும், விமர்சனம் இருக்கும். ஆனா ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அவர் ஒரு வசனத்தை எப்படிச் சொன்னார்னு கேட்க முடியாது. திரை விழுந்ததும் அது போச்சு. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

மேடையோட சேர்த்து கேமராவும் இருந்தது. 1953-ல் வந்த "ட்ஸ்வெர்க் நாஸெ" படத்தில் தலைப்புப் பாத்திரமே அவர்தான். வில்ஹெல்ம் ஹௌஃப் எழுதின பழைய தேவதைக் கதை. ஒரு சூனியக்காரி ஒரு பையனை நீள மூக்குக் குள்ளனா மாத்திடுவா. அவன் வீட்டுக்குத் திரும்பி வந்து "அம்மா, நான்தான்" என்று சொன்னாலும் பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. 1958-ல் "ஸ்பெஸார்ட் காட்டு விடுதி" என்கிற பெரிய ஹிட் படம். 1963-ல் எட்கர் வாலஸ் துப்பறியும் பட வரிசையில் "இந்தியத் துணி". தலைப்பைப் பார்த்து நிமிர்ந்து உட்காராதீங்க, இந்தியா அதில் கழுத்தை நெரிக்கிற ஒரு துணியா மட்டும்தான் வருது. அந்தப் படத்தில் அவர் கோட்டைக்குச் சொந்தக்கார இளம் லார்ட்.

1969-ல் பிப்பி லாங்ஸ்டாக்கிங் டிவி தொடர், ஸ்வீடனும் ஜெர்மனியும் சேர்ந்து எடுத்தது. பிப்பியோட தங்கக் காசுப் பெட்டியைத் திருடத் துடிக்கிற ரெண்டு திருடர்களில் ஒருத்தர் கிளாரீன். ஸ்வீடிஷ் பதிப்பில் அவர் வாயசைப்புக்கு ஒரு ஸ்வீடன்காரர் குரல் கொடுத்தார். குரலுக்காகவே பேர் வாங்கப் போற மனுஷரை, ஒரு நாடு முழுக்க வேறொருத்தர் குரலில் கேட்டது.

ரேடியோவுக்குன்னே பிறந்தவன்

இப்ப 1962-க்குத் திரும்புவோம். மேற்கு ஜெர்மனியில் டிவி ஒழுங்கான ஒளிபரப்பா ஆரம்பிச்சது 1952 டிசம்பரில். கிளாரீன் அரசுக் குழுவில் சேர்ந்த அதே வருஷம். அதுக்கப்புறமும் பல வருஷம் வீட்டுக் கூடத்தில் ராஜா ரேடியோதான். ரேடியோ நாடகம் அங்க இலக்கியத்துக்குச் சமமான மரியாதை வாங்கின வடிவம். மேடை நடிகர்களுக்கு அது நிலையான ரெண்டாவது வருமானமும் கூட. பகலில் ஒத்திகை, நடுவில் ரேடியோ ஸ்டூடியோ, ராத்திரி மேடை. இப்படி ஓடின நடிகர்கள் நிறையப் பேர்.

யோசிச்சுப் பாருங்க, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பாத்திரத்துக்கு ரேடியோவை விடப் பொருத்தமான இடம் எது? ரேடியோவில் எடரும் கண்ணுக்குத் தெரியலை, புமுக்கிலும் தெரியலை. ரெண்டு பேரும் குரல் மட்டும்தான். கேட்கிற குழந்தை ரெண்டு பேரையும் தானே வரைஞ்சுக்கணும். அதனால மொத்தப் பாரமும் குரல் மேலதான்.

கிளாரீன் அதுக்குக் கண்டுபிடிச்ச குரலை நீங்க ஒருதரம் கேட்டா மறக்க மாட்டீங்க. உச்சத்தில் இருக்கும், அதே சமயம் கரகரன்னு இருக்கும். சந்தோஷம் வந்தா கீச்சுன்னு உடையும். பயம் வந்தா ஒரே மூச்சில் பத்து வார்த்தை கொட்டும். புமுக்கிலுக்கு எதுகை மோனைப் பைத்தியம் வேற, எதையாவது எதுகை சேர்த்துச் சொல்லிட்டா அது நல்ல விஷயம்னு முடிவே பண்ணிடுவான். அப்பல்லாம் அந்தக் குரலில் ஒரு திமிர் ஏறும். நான் ஜெர்மன் ஏ1 தாண்டாதவன். எனக்கே வார்த்தை புரியாம மனநிலை புரியுது.

இதை "நடிகருக்கு இயற்கையா அமைஞ்ச குரல்"னு சொல்லிட முடியாது. கிளாரீன் படங்களில் சாதாரணமாப் பேசுறதைக் கேட்டா இது வேற மனுஷன். புமுக்கில் அவர் தொண்டையில் பண்ணின ஒரு வேலை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எங்க உடைக்கணும், எங்க மூச்சு வாங்கணும், எங்க கத்தணும்னு எடுத்த முடிவுகள்.

அப்புறம் ரெகார்டும் கேசட்டும் வந்தது. 70, 80-களில் ஜெர்மன் குழந்தைகளோட படுக்கையறையில் கேசட் பிளேயர் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி. "கேசட் பிள்ளைகள்" என்றே அந்தத் தலைமுறைக்கு ஒரு பேர் இருக்கு. ஐரோப்பா என்கிற ரெகார்ட் லேபிளுக்காக கிளாரீன் இன்னொரு பேயையும் பேசினார். ஹுயி பூ, ஒரு கோட்டையில் சங்கிலியைக் குலுக்கிக்கிட்டுத் திரியுற அசட்டுப் பேய். ஒரு வீட்டில் புமுக்கில் கேசட், ஹுயி பூ கேசட் ரெண்டும் இருந்தா, தூங்கப் போற குழந்தை கேட்டது ஒரே மனுஷரோட தொண்டையைத்தான்.

வெறும் காத்தோட பேசினவர்

1982-ல் புமுக்கில் டிவிக்கு வந்தான். எடராக நடிச்சவர் குஸ்டல் பாயர்ஹாமர். மியூனிக்காரர். அதுக்கு முன்னாடி "டாட்ஓர்ட்" துப்பறியும் தொடரில் மியூனிக் கமிஷனரா வந்து வீட்டுக்கு வீடு தெரிஞ்ச முகம். பட்டறை, மரத்தூள், பீர் எல்லாமே நிஜம். புமுக்கில் மட்டும் கையால் வரைஞ்ச கார்ட்டூன். அதை வரைஞ்சு சேர்த்தது ஹங்கேரியில், புடாபெஸ்டின் பன்னோனியா ஸ்டூடியோவில். இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர் அது. ரெண்டு சீசன், 52 எபிசோட், 1989 வரைக்கும்.

ஷூட்டிங்கில் பாயர்ஹாமருக்கு எதிரில் புமுக்கில் கிடையாது. காலி மேசையைப் பார்த்துத் திட்டுவார், காலி ஊஞ்சலைப் பார்த்துச் சிரிப்பார். இன்னைக்கு பச்சைத் திரைக்கு முன்னாடி நடிக்கிறவங்க செய்யுறதை, அவர் ஒரு தச்சுப் பட்டறையில் இழைப்புளி பிடிச்சுக்கிட்டே செஞ்சார். தொடரைப் பார்க்கும்போது நமக்கு அது உறைக்கவே உறைக்காது. கிழவருக்கும் குட்டிக்கும் நடுவில் ஓடுறது பாசம்தான்னு முழுசா நம்பிடுவோம். ஒருத்தர் உடம்பைக் கொடுத்தார், இன்னொருத்தர் குரலைக் கொடுத்தார், புடாபெஸ்டில் யார் யாரோ கோடு போட்டாங்க. மூணும் சேர்ந்துதான் அந்தப் பாசம்.

மூணு பேர் செஞ்ச ஒண்ணு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி புமுக்கில் விஷயத்தில் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. புத்தகங்களுக்காக புமுக்கிலுக்கு முதல்முதலா உருவம் கொடுத்தவர் பார்பரா ஃபான் ஜான்சன், அப்ப அவர் ஒரு மாணவி. பல வருஷம் கழிச்சு அவருக்கும் எல்லிஸ் கௌட்டுக்கும் வழக்கு. அதில் ஒரு சண்டை, புமுக்கிலுக்கு ஒரு தோழியை வரையுற போட்டி நடத்தலாமா கூடாதா என்று! எழுதினவருக்கு அது பிடிக்கலை. எழுத்துக்கு உரிமை உண்டு, கோட்டுக்கு உரிமை உண்டுன்னு ரெண்டு பேரும் வாதாட ஒரு இடம் இருந்தது. குரல் அந்தச் சண்டையில் ஒரு கட்சியே இல்லை. ஒருவேளை அப்ப அதுக்குத் தேவையும் இல்லாம இருந்திருக்கும். குரல் வேணும்னா அந்த மனுஷரைக் கூப்பிட்டே ஆகணும். தொண்டையை யாராலும் காப்பி எடுக்க முடியாது. அந்தக் காலத்தில்.

குரல் கை மாறுது

இனி வரப்போற பகுதிதான் என்னை இந்த எபிசோட் பண்ண வெச்சது. இந்த ஒரு தொடரில் மட்டும் குரல் எத்தனை தடவை கை மாறியிருக்குன்னு பாருங்க.

முதல் தடவை: 1993 ஏப்ரலில் பாயர்ஹாமர் இறந்துட்டார். "புமுக்கிலும் நீலக் கப்பல் குட்டிச்சாத்தானும்" படத்தில் அவர் நடிச்ச காட்சிகளை எடுத்தாச்சு, குரல் பதிவு மட்டும் பாக்கி. வோல்ஃப் ஓய்பா என்கிற நடிகர் அவருக்காகப் பேசினார். 1994-ல் படம் வந்தப்ப எடரோட முகம் பாயர்ஹாமருடையது, குரல் வேறொருத்தருடையது. எதிரில் புமுக்கிலா கிளாரீன். அத்தனை வருஷம் தன்னோட வம்பளந்த தோழன் இல்லாம.

ரெண்டாவது தடவை: 2003, "புமுக்கிலின் சர்க்கஸ் சாகசம்". எடர் இறந்துட்டார்னு கதை. பட்டறைக்கு அவரோட உறவுக்காரர் ஃபெர்டினாண்ட் எடர் வர்றார். அந்த உறவுக்காரரா கேமரா முன்னாடி நின்னவர் ஹான்ஸ் கிளாரீன்! 41 வருஷமா கண்ணுக்குத் தெரியாத குட்டிச்சாத்தானா இருந்தவர், முதல் தடவையா அவனைப் பார்க்கிற மனுஷரா வந்தார். ஆனா இந்த முறை புமுக்கில் குரல் அவருடையது இல்லை, காய் டாஷ்னருடையது. எழுபதைத் தாண்டின தொண்டையில் அந்த உச்சத்தைப் பிடிச்சு நாள் முழுக்க நிக்கறது விளையாட்டு இல்லையே. காட்சிக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க: கிளாரீன் பேசுறார், தான் உருவாக்கின பாத்திரம் இன்னொருத்தர் குரலில் பதில் சொல்லுது.

மூணாவது தடவை: ஹுயி பூ. அந்தப் பேய்க்கதையைப் பெரிய பட்ஜெட் படமா எடுத்தாங்க. பேயா மிஷாயல் ஹெர்பிக். கிளாரீனுக்குக் கோட்டைக் காவலர் வேஷம். மறுபடியும் அதே நிலை, தன்னோட பேய் பக்கத்தில் நிக்குது, குரல் வேறொருத்தருடையது. 2005 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஆஷௌ என்கிற ஊரில் கிளாரீன் இறந்தார். படம் 2006-ல்தான் வெளிவந்தது.

இந்த ரெண்டு கைமாற்றத்திலும் எனக்குப் பிடிச்சது, அவர் அந்த அறையில் இருந்தார். பக்கத்தில் நின்னு, எதிர் வசனம் பேசி, இடத்தை விட்டுக் கொடுத்தார். அவர் மனசுல என்ன ஓடிச்சுன்னு நான் கற்பனை பண்ணப் போறதில்லை. வேண்டாம்னா அந்த வேஷத்தை ஏத்துக்காம இருந்திருக்கலாம். அந்த வாய்ப்பாவது அவர் கையில் இருந்தது.

2023: பழைய குரல், புது நடிகர்

இறந்து 18 வருஷம் கழிச்சு கிளாரீன் குரல் திரும்பி வந்தது.

ஆர்.டி.எல். பிளஸ் தளத்துக்காக "புமுக்கிலின் புதிய கதைகள்" எடுத்தாங்க. இயக்குநர் மார்கஸ் ரோஸன்மியூலர். பட்டறையை இப்ப பார்த்துக்கிறது எடரோட அண்ணன் மகன் முறை வர்ற ஃப்ளோரியான், நடிச்சவர் ஃப்ளோரியான் ப்ரூக்னர். புமுக்கிலைப் பேசினவர் மாக்ஸிமிலியான் ஷாஃப்ரோத், பவேரியாவில் தெரிஞ்ச நையாண்டி மேடைக் கலைஞர். அவர் பேசினதை ஏஐ மூலமா ஹான்ஸ் கிளாரீனோட குரலா மாத்தினாங்க.

இதில் ஒரு டெக்னிக்கல் வித்தியாசத்தைச் சொல்லியே ஆகணும், என் பொழப்பு அதுதானே. ஏஐ குரல்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எழுத்தைக் கொடுத்தா மெஷினே பேசிடும். நிறுத்தம், வேகம், ஏத்த இறக்கம் எல்லாத்தையும் மாடல் ஊகிக்கும். இன்னொண்ணு குரல் மாற்றம். ஒரு மனுஷர் முதல்ல நடிச்சுப் பேசணும். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எங்க மூச்சு வாங்கினார் என்பதெல்லாம் அவருடையது. மெஷின் அதுக்கு மேல இன்னொருத்தர் குரலோட நிறத்தை மட்டும் பூசும். அந்த நிறத்தைக் கத்துக்க அந்த இன்னொருத்தரோட பழைய ஒலிப்பதிவுகள் வேணும்.

புமுக்கிலுக்குச் செஞ்சது ரெண்டாவது வழி. அதனால 2023-ல் நாம கேட்கிற நடிப்பு ஷாஃப்ரோத்துடையது. அவர் கீச்சுன்னு கத்தலைன்னா புமுக்கில் கத்த மாட்டான்.

ஜெர்மனியில் இப்ப நாற்பது வயசு தாண்டினவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. சின்ன வயசுல படுக்கையில் கேட்ட குரல், தன் குழந்தையோட சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது அப்படியே திரும்ப வருது. அந்த சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு இல்லை. நம்ம ஊரிலும் 2024 ஆரம்பத்தில் இதே பேச்சு வந்தது நினைவிருக்கா? "லால் சலாம்" படப் பாட்டில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏஐ மூலமாப் பயன்படுத்தினார். குடும்பத்தார் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாச் சொன்னார். பாட்டைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிச்சு. கூடவே ஒரு சங்கடமும் இருந்தது.

அந்தச் சங்கடம் என்னன்னு கிளாரீன் கதையைப் படிச்சப்பதான் எனக்குத் தெளிவாச்சு. 1962-ல் பவேரிய வானொலிக்கு ஒரு குட்டிச்சாத்தான் குரல் தேவைப்பட்டது. மேடையில் வேலை பார்த்துட்டு இருந்த 32 வயசு நடிகருக்கு அந்த இடம் கிடைச்சது. அவர் அதுக்காக யாரும் கேட்டிராத ஒரு குரலைக் கண்டுபிடிச்சார். ஒருவேளை, ஏற்கெனவே ஊருக்கே பிடிச்ச, இறந்துபோன ஒரு நட்சத்திரத்தோட குரலை அன்னைக்கே எடுத்துப் பூசியிருக்க முடிஞ்சிருந்தா? கிளாரீன் வந்து நடிச்சுக் கொடுத்துட்டுப் போயிருப்பார், குரல் அந்த நட்சத்திரத்துடையதா இருந்திருக்கும். புமுக்கில் குரல்னு நாம இன்னைக்குக் கொண்டாடுற ஒண்ணு பிறந்தே இருக்காது.

2003-ல் டாஷ்னர் பேசினப்ப அந்த இடம் இன்னொரு நடிகருக்குத் திறந்தது. 2023-ல் ஷாஃப்ரோத்துக்குப் பாதிதான் திறந்தது. அடுத்த தடவை? நடிகரே வேண்டாம், முதல் வழியே போதும்னு ஒரு பட்ஜெட் மீட்டிங்கில் யாராவது சொல்ல எவ்வளவு நேரமாகும்? 2023-லேயே ஹாலிவுட் நடிகர்கள் ஜூலை முதல் நவம்பர் வரை வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அவங்க கோரிக்கைகளில் முக்கியமான ஒண்ணு, தங்களை ஏஐ நகல் எடுக்கிறதுக்கு அனுமதியும் சம்பளமும் வேணும் என்பதுதான். அவங்க உயிரோட இருக்காங்க, ரோட்டில் நின்னு கேட்க முடிஞ்சது. இறந்தவங்க சார்பா வாரிசுகள்தான் பேச முடியும். அதுவும் யாராவது அவங்களைத் தேடிப் போய்க் கேட்டாத்தான்.

என் வாக்கியம்

சரி, இப்ப என் கதை.

போன எபிசோடில் ஒரு வருஷத்தைத் தப்பாச் சொல்லிட்டேன். எடிட் பண்ணும்போதுதான் கவனிச்சேன். ராத்திரி பதினொண்ணு. வீட்டில எல்லாரும் தூங்கியாச்சு. மைக்கை எடுத்து வெச்சு, ஃபேனை நிறுத்தி, போர்வைக்குள்ள தலையை விட்டு ஒரே ஒரு வாக்கியம் பதியச் சோம்பேறித்தனம். என் பழைய எபிசோட்களைக் கொடுத்து விளையாட்டா செஞ்சு வெச்ச என் குரல் நகல் ஒண்ணு லேப்டாப்பில் இருந்தது. சரியான வருஷத்தோட வாக்கியத்தை டைப் பண்ணினேன். அது பேசிச்சு. ஒட்டினேன். தூங்கிட்டேன்.

யாரும் கண்டுபிடிக்கலை. எடிட்டிங்கில் உதவுற நண்பன் ஹெட்போன் போட்டுக் கேட்டும் தெரியலைன்னு சொன்னான். எனக்குப் பெருமையாக்கூட இருந்தது. ஒரு வாரம் கழிச்சு அந்த எபிசோடைத் திரும்பக் கேட்டேன். எந்த இடம்னு எனக்கே தெரியலை. ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். அப்பதான் வயித்துல ஏதோ பண்ணிச்சு.

இவ்வளவு நேரம் சொன்னதோட இதை வெச்சுப் பாருங்க. ஓய்பா பேசினப்ப ஒரு மனுஷர் பேசினார். டாஷ்னர் பேசினப்பவும் அப்படித்தான். 2023-ல் ஏஐ வந்தப்பக்கூட ஷாஃப்ரோத் மைக் முன்னாடி நின்னு மூச்சு வாங்கிக் கத்தினார். என் வாக்கியத்தை மட்டும் இந்த உலகத்தில் யாருமே பேசலை. ராத்திரி பதினொண்ணுக்கு ஒருத்தனும் வாயைத் திறக்கலை. ஆனா நீங்க என் பேரை நம்பி அதைக் கேட்டீங்க.

இது என் குரல்தானே, நானே அனுமதி கொடுத்தேன், இதில் என்ன தப்புன்னு ரெண்டு நாள் எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். சட்டப்படி ஒண்ணும் இல்லைதான். ஆனா கிளாரீன் மேடையில் பேசின 15 வருஷம் காத்தோட போச்சு. மிச்சம் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும், அவர் நிஜமா ஒரு அறையில் நின்னு, ஏதோ ஒரு மனநிலையில், சாப்பிட்டோ பசியோடவோ பேசின நிமிஷம். அதனாலதான் அது பொக்கிஷம். இந்த பாட்காஸ்ட்ல பொக்கிஷம்னு சொல்ல ஒண்ணும் இல்லை, தெரியும். ஆனா நான் சொன்னதா நீங்க நினைக்கிறது நான் சொன்னதா இருக்கணும். குறைஞ்சபட்சம் அந்த நேர்மை.

அதனால போன எபிசோடைத் திருத்தி ஏத்தியிருக்கேன். அந்த வாக்கியத்தை நேத்து மதியம் நானே பேசிப் பதிஞ்சேன். இனிமே தப்பு வந்தா திரும்பப் பேசுவேன், இல்லைன்னா தப்புன்னு சொல்லிட்டு அப்படியே விடுவேன். என்னைக்காவது நகலைப் பயன்படுத்தினா, அந்த இடத்திலேயே சொல்லுவேன்.

ஒரே ஒரு பிரச்சினை. மதியம் பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டிட்டு இருந்தாங்க. எவ்வளவு முயற்சி பண்ணியும் அந்தச் சத்தத்தை முழுசா எடுக்க முடியலை. 23-ஆவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் பின்னாடி கிர்ருன்னு கேட்கும். அந்த இடம்தான்.

அப்புறம், அந்த பக் இன்னும் அகப்படலை. அடுத்த எபிசோடில் பார்ப்போம், மக்களே.